லொங்குய்யில் நாற்பது வாக்குவம் கிளீனர்கள்

நான் பழைய வாக்குவம் கிளீனர்கள் சேர்ப்பவன். பல வருடங்களாகத் தேடிய ஒன்றுக்காக டொராண்டோவிலிருந்து மொன்றியலுக்கு வந்து, ஆற்றைக் கடந்து, லொங்குய்யில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறேன். அதை வைத்திருந்தவர் போன மாதம் இறந்துவிட்டார். அவர் சேர்த்த நாற்பதையும் இரண்டு பேர் பழைய இரும்புக் கடை லாரியில் ஏற்றுகிறார்கள். அவருடைய மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர், படியில் நின்று பார்க்கிறார். நான் தேடி வந்த பச்சை நிற மெஷின் மட்டும் இன்னும் புல்லில் கிடக்கிறது.

"அதை மட்டும் எனக்குக் கொடுங்க அக்கா. நீங்க கேக்கற விலை தர்றேன்."

"இருபது வருசம் ஒபிஸ் ஒபிஸாத் துப்புரவாக்கினனான், தம்பி. வீட்டிலை இதுகளிலை ஒண்டைக்கூட அவர் பாவிக்க விடேல்லை. பழுதாப் போயிடுமாம். தும்புத்தடியாலைதான் வீடு கூட்டினனான். ஆனா இதுகளின்ரை தூசியை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் துடைக்கோணும்."

நான் பர்ஸை எடுக்கிறேன்.

"உங்கட வீட்டிலை ஆர் துடைக்கிறது?"

பொய் சொல்லியிருக்கலாம். "என் மனைவி," என்கிறேன்.

அவர் படியிறங்கிப் போய், பச்சை மெஷினைத் தானே தூக்கி லாரிக்குள் எறிகிறார். உள்ளே ஏதோ உடைகிறது. ஓட்டுநரிடம் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார்.