ஒன்பதாம் பக்கத்து முத்திரை

டாக்டர் பூங்கொடி அவர்கள் காலமான செய்தி வந்தபோது, அவருக்காகச் செய்யச் சொல்லியிருந்த ரப்பர் ஸ்டாம்பை நான் அரியலூர் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டிருந்தேன். ரஞ்சன்குடியிலிருந்து சின்னதுரை போனில் பேசினான். "அண்ணே, டாக்டரம்மா போயிட்டாங்கண்ணே. காலையில நெஞ்சு வலின்னாங்களாம், அவ்ளோதான்." கடைக்காரர் ஸ்டாம்பைத் தாளில் அமுக்கிக் காட்டி, "எழுத்து தெளிவா இருக்கா பாருங்க சார்" என்றார். தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூரில் சர்க்கரை, தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறுகளைப் பார்த்தவர் அவர். நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். முதல் நாளே என் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சீறினார். "எட்டு மாசத்துக்கு முந்துனது. இத வச்சிக்கிட்டு நான் ஜோசியமா பாக்குறது?"

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த ஹார்மோன் டாக்டர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை, எதற்கெடுத்தாலும் திருச்சிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்றேன். சின்னதுரையும் பட்டாளத்துக்காரன்தான். காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு அவன் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவதையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நான் சேந்துக்குறேன். என்ன எழுதணுமோ எழுதுங்க ஹவில்தார், கையெழுத்துப் போடுறேன்."

அவ்வளவு லேசா? சாண் ஏறினால் முழம் சறுக்கிய கதைதான். படிவத்தில் கட்டில் எத்தனை என்று கேட்டிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் எத்தனை, ஆம்புலன்ஸ் உண்டா என்றும் இருந்தது. "ஹார்மோன படுக்க வச்சா பாப்பாங்க?" என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். மூன்று மாதம் கழித்து அது திரும்பி வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கான படிவமாம் அது. தனி கிளினிக்குக்கு வேறொன்று உண்டாம். அதை முதலிலேயே சொல்ல அந்த ஆபீஸில் ஒருவருக்கும் வாய் இல்லை!

அடுத்து ஆய்வுக்கு வந்தவர்கள் வாசலில் இருந்த நான்கு படிகளைப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா சிமெண்டில் கட்டினார். கட்டிய ஈரம் காயுமுன் வேறொரு ஆபீஸிலிருந்து வந்து, சாக்கடையை மறைக்கிறது, இடியுங்கள் என்றார்கள். இடித்தார். பிறகு ஆசாரியை வைத்துப் பலகையில் சரிவு செய்து, தேவைப்படும்போது போட்டு எடுத்தார். மறுபடி வந்த ஆய்வாளர், "இது நிரந்தரமா?" என்று கேட்டார். "நீங்களும் நானுமே நிரந்தரம் இல்லீங்க சார். ஏறிப் பாருங்க, தாங்குதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. ஆய்வாளர் ஏறினார். தாங்கியது.

இப்படி இரண்டு வருடம். சின்னதுரைக்கு அதற்குள் இரண்டு கால்விரல்களை எடுத்தாகிவிட்டது. ஒருவழியாக ஒப்பந்தப் பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கிளினிக்கே திட்டத்தில் சேர்ந்துவிடும். டாக்டரம்மா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, தன் பழைய ஸ்டாம்பைக் குத்தி என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் வந்து பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. பட்டாளத்து ஆபீஸில் இருபது வருடம் மங்கலான முத்திரைகளைத் திருப்பி அனுப்பியே பழகிய கை இது. போன் செய்தேன். "அட அனுப்புங்க ஹவில்தார். திருப்புனா திருப்பட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. புது ஸ்டாம்புக்குச் சொல்லிவிட்டு, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதினொரு நாள்.

அவர் உடலைக் கிளினிக்கின் முன் அறையில்தான் கிடத்தியிருந்தார்கள். சின்னதுரை சக்கர நாற்காலியில் வந்தான். யாரோ அந்தப் பலகையை எடுத்துப் போட்டார்கள். ஏறிப்போய்க் கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்தான். "ஃபைலு போயிருச்சுல்லண்ணே?" நான் அவன் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினேன்.

அங்கே டாக்டரம்மாவோடு வேலை பார்த்த டாக்டர் ஷபானாவும் ஹார்மோன் டாக்டர்தான். பத்திரம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் அவர் அப்படியே தொடர்ந்திருக்கலாம். கையெழுத்திட்டவர் இல்லாத பத்திரம் இனி செல்லாதாம். "மொதல்லேருந்து எழுதணுமாம் சார்" என்றார் அந்தப் பிள்ளை. இத்தனை நாள் ஆபீஸ் ஆபீஸாக எல்லோரையும் திட்டித் தீர்த்தேனே, கடைசி ஆபீஸ் என் வீட்டுப் பீரோவாக இருந்திருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது. எழுதாமல் இருப்பது அதைவிடக் கேவலம்.

காரியம் முடிந்த மறுநாள் டாக்டர் ஷபானா புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான்காம் பக்கத்தில் முத்திரை கோணலாக விழுந்து, ஓரம் மையால் அப்பிக்கொண்டது. அப்படியே உறையில் போட்டு ஒட்டி, பெரம்பலூர் தபால் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்து கிளினிக் வாசலில் நின்றேன். பலகை இன்னும் படியில்தான் கிடந்தது.

அனுப்பிட்டேன் டாக்டரம்மா. திருப்புனா திருப்பட்டும். நீங்க நிம்மதியா போங்க.