ஒன்பது மணிக் கம்பி

அடியாத மாடு படியாது என்று நம்பித்தான் பதினோரு வருஷம் பாடம் நடத்தினேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. மேஜை மேல் பிரம்பு இருக்கும். அதை எடுக்க வேண்டிய அவசியம் அதிகம் வந்ததில்லை, என் முறைப்பே போதும். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் நிர்வாகிக்கு மாண்டிசோரி ஆசை வந்துவிட்டது. மெட்ராஸில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்தார். ஆறு வயசு தாண்டிய பிள்ளைகளுக்கு அந்த முறையில் ஒரு வகுப்பு ஜூன் மாதம் திறக்கப் போகிறேன், பயிற்சிக்கு நீங்கள்தான் போகிறீர்கள் என்றார். என் மூன்றாம் வகுப்பை அதற்குள் வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்று.

"ஏப்ரல் முடியறதுக்குள்ள சர்டிபிகேட்டோட வாங்க. இல்லேன்னா உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வகுப்பே இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயிற்சி தென்னூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடந்தது. தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். பயிற்சிக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். அதே வீட்டின் பின்கட்டில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பும் நடந்தது; அங்கே உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்களுக்குப் பாதிப் படிப்பு. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட எட்டு வயசு சின்னவர். நாங்கள் அவரை மிஸ் என்போம். அவர் என்னை அக்கா என்பார். முதல் வாரம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. சத்தமே போடாத ஒருத்தி என்ன டீச்சர் என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஒரு பிள்ளை வகுத்தல் கணக்கில் இடறிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "தப்பு, தப்பு!" என்று பாய்ந்துவிட்டேன். மிஸ் என்னை வெளியே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நானும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராகத்தான் போனேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல அந்தத் தப்பை அதுவே பிடிச்சிருக்கும்க்கா. நீங்க பிடுங்கிட்டீங்க" என்றார். பிறகு, "பிள்ளை வேலை செய்யறப்ப உங்க கை உங்க மடியில இருக்கட்டும். கை அடங்கினா வாய் தானா அடங்கும்" என்றார்.

பேச்சோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். ஆனால் அவர் அப்படித்தான் இருந்தார். ஒரு பிள்ளை ஒரே கணக்கை ஐந்து தடவை தப்பாகப் போட்டுக் கலைத்தபோது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மனசார ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது தடவை அது சரியாக வந்ததும் பிள்ளை அவரைப் பார்க்கக்கூட இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை பிறந்தது.

மாண்டிசோரியில் கணக்கு என்பது கையால் தொட்டுப் பார்க்கிற சமாச்சாரம். ஒற்றை மஞ்சள் மணி என்றால் ஒன்று. பத்து மணியைக் கம்பியில் கோத்தால் பத்து. பத்துக் கம்பியைச் சேர்த்துக் கட்டினால் நூறு. அந்தச் சாமான்களை நாங்களே செய்ய வேண்டும். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் கண்ணாடி மணி வாங்கினோம். பித்தளைக் கம்பியும் அங்கேயே கிடைத்தது.

கோக்கிற வேலையில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கோயில் வாசலில் பூ விற்கிற வீட்டில் பிறந்தவள் நான். பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் மல்லிகை கட்டுவேன். பூவை யாரும் எண்ணுவதில்லை, முழம் போடுவதுதான் வழக்கம். அதே கையோடு மணியையும் கோத்தேன். முதல் கம்பியில் பத்து எண்ணிக்கொண்டேன். மற்றதையெல்லாம் அதன் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வளைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பெரிய கடைவீதியில் ஒரு முஸ்லிம் வீட்டு மருமகள். ஒவ்வொரு கம்பிக்கும் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எண்ணலியாக்கா?" என்றாள்.

"என் கண்ணே எண்ணிடும்" என்றேன். அவள் பாதி முடிப்பதற்குள் நான் என் தட்டை முடித்துவிட்டு, பெருமையோடு வெற்றிலை போடப் போனேன்.

செய்முறைப் பரீட்சை ஏப்ரல் நடுவில் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் சோதிக்க வந்திருந்தார். அவரும் மிஸ்ஸும் நாலடி தள்ளி நாற்காலியில். என் முன்னால் பாயில் எட்டு வயசுப் பெண் ஒருத்தி. நிதானமானவள், பிடிவாதக்காரி. முந்நூற்று நாற்பத்திரண்டிலிருந்து நூற்று இருபத்தைந்தைக் கழிக்கச் சொன்னேன். இரண்டில் ஐந்து போகாது. ஒரு பத்துக் கம்பியைக் கொடுத்துவிட்டு பத்து ஒற்றை மணி வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் அப்படியே மாற்றாமல், கம்பியைப் பாயில் வைத்து, அதன் ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் ஒரு ஒற்றை மணி வைத்தாள். கடைசியில் ஒரு ஒற்றை மணி மிஞ்சியது. கலைத்தாள். திரும்ப வைத்தாள். திரும்பவும் மிஞ்சியது.

"சரியா எண்ணு" என்றேன், பழைய மூன்றாம் வகுப்புக் குரலில்.

சொன்ன பிறகுதான் கம்பியைப் பார்த்தேன். கடை மணி எல்லாம் ஒரே பருமன் இல்லை. அந்தக் கம்பியில் தடித்த மணிகள் சேர்ந்துவிட்டிருந்தன. நீளம் பத்து மணிக்கு, இருந்தது ஒன்பது.

என் கை மடியில் நிற்கவில்லை. அந்தக் கம்பியை எடுத்து, தட்டிலிருந்து வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டு, பழையதைப் புடவை மடிப்புக்குள் பொத்திக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்தப் பெண் புதுக் கம்பியைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

"அதக் குடுங்க டீச்சர். அதுலதான் தப்பு இருக்கு."

கையை விரித்தேன். வாங்கிக்கொண்டு மணி மணியாகத் தொட்டு எண்ணினாள். "இதுல ஒம்போதுதான் இருக்கு!" என்றாள். அவள் முகத்தில் குற்றம் சொல்கிற பாவனையே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. பிறகு சரியான கம்பியை வைத்துக் கணக்கை முடித்தாள்.

மெட்ராஸ் அம்மாள் மார்க்கைக் குறைத்துப் பாஸ் போட்டுவிடலாம் என்றாராம். மிஸ் சம்மதிக்கவில்லை. அதை அவரே வந்து என் முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா, மணி தப்பினது பெரிசில்ல. ஆனா அந்தக் கை கம்பிய மறைக்கப் போச்சு பாருங்க, அதுக்குத்தான் நான் கையெழுத்துப் போடல. மூணு வாரம் கழிச்சு மறுபடி வாங்க, நானே பாக்கறேன்."

"என் வேலை போயிடும் மிஸ்."

"தெரியும்க்கா." அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் இம்மியும் அசையவில்லை.

உனக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிற வயசு எனக்கு என்று என்னென்னவோ கத்தினேன். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் பாலம் வந்தபோது அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தில் எல்லாக் கம்பியையும் பிரித்துப் போட்டு எண்ணினேன். இன்னும் இரண்டு தப்பு. ஒன்றில் பதினோரு மணி. எண்ண எண்ண ஆத்திரம் இறங்கி, உடம்பு கூசத் தொடங்கியது. மிஸ் அன்றைக்கு எனக்குப் பாஸ் போட்டிருந்தால் அந்தக் கம்பியைப் பிள்ளைகள் முன்னால் வைத்து ஆயுள் முழுக்க "சரியா எண்ணு" என்று அதட்டியிருப்பேன். பதினோரு வருஷத்தில் சரியாக எண்ணிய எத்தனை பிள்ளைகளை அப்படி அதட்டினேனோ!

ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியாது, ரொம்ப நாள் கழித்து நிர்வாகி சொன்னார். மறுநாளே மிஸ் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி வந்து, "இவங்களுக்காக மூணு வாரம் பொறுங்க, இவங்க மாதிரி ஒருத்தர் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை நினைத்து இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

மூன்று வாரம் கழித்து அதே பாய், அதே பெண். கணக்கைச் சொன்னேன். அவள் தொடங்கவில்லை. என் தட்டிலிருந்த கம்பிகளையெல்லாம் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். என்னை நம்ப அவள் தயாராக இல்லை. நடுவில் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து வந்தாள். என் விரல் துடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

"இப்ப எல்லாம் சரியா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கணக்கை ஐந்தே நிமிஷத்தில் போட்டாள். மிஸ் என் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பெண் பென்சிலை வைக்கத் தன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே அந்த ஒன்பது மணிக் கம்பி இருந்தது.

"அதக் குடும்மா. டீச்சர் பிரிச்சு சரியா கோத்துடறேன்" என்றேன்.

டப்பாவை மூடிவிட்டாள். "மாட்டேன் டீச்சர். இது நான் கண்டுபிடிச்சது."

என் கை பாதி தூரம் போயிருந்தது. அதைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.