அக்கா பேசினார், நான் அளந்தேன்

முதலில் ஒரு மன்னிப்பு. பரிமளா அக்காவின் படத்திறப்பு அன்று இரண்டு வார்த்தை பேசும்படி அவர் தம்பி சேகர் அண்ணன் கேட்டார். மைக்கைப் பிடித்தால் எனக்குக் குரல் வராது. ஆகவே அன்று உங்கள் கைக்கு வரும் இந்தச் சிறு புத்தகத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். பரிமளா அக்காவை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள் நீங்கள். நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது நான் ஓர் இன்ஜினின் மேல் குனிந்திருந்தேன். கல் குவாரி வைத்திருக்கும் தணிகைவேல் சாரின் சாம்பல் நிற எஸ்.யூ.வி. அது. வேகத்துக்கென்றே செய்யப்பட்ட பெரிய வண்டி. திண்டிவனம் பைபாஸ் ஓரத்திலுள்ள எங்கள் ஷெட்டுக்கு வரும்போது குளிர்ந்த இன்ஜினில் டக் டக் என்று ஒரு சத்தம், பின்னால் நீலப்புகை. ஆறு சிலிண்டர்களில் இரண்டை அளந்து முடித்து, மூன்றாவதற்குள் விட்டம் அளக்கும் கேஜை இறக்கியிருந்தேன். முதுகுக்குப் பின்னால், சிலிண்டர் குடைய ஓடிக்கொண்டிருந்த சேகர் அண்ணனின் போரிங் மெஷின் நின்றது. வேலை பாதியில் அவர் மெஷினை நிறுத்த மாட்டார். திரும்பிப் பார்த்தேன். கையில் போன்.

"அக்கா செத்துடுச்சாம் கௌசி. விழுப்புரம் போற பஸ்சுலயே நெஞ்சைப் புடிச்சிக்கினு சாய்ஞ்சிடுச்சாம்" என்றார். அவருக்கு உடன்பிறந்த அக்கா. ஸ்பேர்ஸ் வாங்கக் காலையில் எங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்.

நான் வேலை கேட்டு வந்த நாள் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வல்லத்துக்குப் பக்கத்தில் அப்பா மல்லாட்டைக் கடலை பயிரிடுகிறார். மெக்கானிக்கல் படித்த பெண்ணை ஷெட்டில் வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. அக்கா என் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா படிச்சிருக்க?"

"பி.இ. மெக்கானிக்கல்ங்க."

"அளக்கத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"வாய் இருக்குதா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"இல்லை போலிருக்குது. பரவால்ல, என்னுது ரெண்டு பேருக்குப் போதும். நீ அள, நான் பேசிக்கிறேன்."

அப்படித்தான் எங்கள் வேலை நடந்தது. சேகர் அண்ணன் மெஷின் பக்கம், நான் கேஜ் பக்கம், அக்கா வண்டிக்காரர் பக்கம். பல வருடம் ஸ்பேர்ஸ் கடை கவுண்டரில் நின்றவர் என்பதால் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

அவருடைய ஒரு சட்டம் உங்களுக்கெல்லாம் தெரியும். வண்டிக்குச் சொந்தக்காரர் நேரில் வராமல் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்க விடமாட்டார். அந்த எஸ்.யூ.வி.யோடு தணிகைவேல் சார் தம் டிரைவரைத்தான் அனுப்பினார். அக்கா உடனே போன் போட்டார்.

"இன்னா சார், துக்கத்துக்குக்கூட டிரைவரைத்தான் அனுப்புவீங்களா?"

அந்தப் பக்கம் அவர் ஏதோ கோபமாகச் சொன்னார்.

"பேஜாரா இருந்தா இருக்கட்டும். உங்க வண்டிக்கு இன்னா ஆச்சுன்னு உங்க விரலுக்குத் தெரியணும். ஜல்தி வாங்க."

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். ஹெட் இறங்கியது. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நகத்தை இழுக்கச் சொன்னார் அக்கா. நல்ல சுவரென்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். சாரின் நகம் ஒரு கோட்டில் மாட்டியது. இன்னொரு முறை இழுத்தார், மறுபடி மாட்டியது. அக்கா எப்போதும் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைப்பார். "நகம் மாட்டினா கால் தளரும்" என்பார். சார் அதில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தேய்ச்சு விட்டு, ரிங்கை மாத்தினா ஆவாதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இரும்புச் சிலிண்டருக்குத்தான் சார். அது தோசைக்கல்லு மாதிரி, தேய்ச்சுத் தேய்ச்சு ஊத்தலாம். உங்களுது அலுமினியம், உள்ள மெல்லிசா ஒரு பூச்சு. நான்ஸ்டிக் கல்லுன்னு வெச்சுக்குங்களேன். பூச்சு போனப்புறம் தேய்ச்சா பளபளன்னு இருக்கும், தோசை வராது."

கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கக் கேட்டும் எனக்குள் இந்தத் தெளிவோடு நிற்காத விஷயம் அது. நான் சிரித்துவிட்டேன், சாரும் சிரித்தார்.

பிறகு அக்கா மூன்று வழிகளைச் சொன்னார். கம்பெனியிலிருந்து புது இன்ஜின் இறக்கலாம், சென்னையில் கம்பெனி ஒர்க்ஷாப்பில் அதைத்தான் சொல்வார்கள். அடிபட்ட வண்டியில் கழற்றிய இன்ஜின் வாங்கலாம். "ஊர் பேர் தெரியாத வீட்டுல பொண்ணு எடுக்கிற மாதிரி. நல்லாவும் அமையலாம்." மூன்றாவது, சிலிண்டரைப் பெரிதாகக் குடைந்து உள்ளே ஸ்லீவ் என்னும் இரும்புக் குழாயை இறக்கிப் புது பிஸ்டன் போடுவது.

"ஸ்லீவ் தாங்குமா?"

"பிளாக்குல விரிசல் இருந்தா தாங்காது. இவ அளந்து பார்த்துச் சொல்லுவா, நான் உங்களுக்குச் சொல்றேன்."

"உன் வாயை நம்பி விட்டுட்டுப் போறேன் பரிமளா" என்றார் சார்.

அக்கா தவறே செய்யாதவர் என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். ஒருமுறை விழுப்புரத்து டாக்டர் ஒருவரின் வண்டிக்கு, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "ரிங்கு மட்டும் போதும் சார்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் அவர் முன்னால் ஹெட்டைத் திறந்து, அவர் போனபின் அளந்தால் சிலிண்டர் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. எத்தனை ரிங் மாற்றினாலும் எண்ணெய் குடிக்கும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேஜைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி மூஞ்சி இது? மழையில மாட்டின மல்லாட்டை மாதிரி?" என்று கேட்டு, கேஜை வாங்கித் தாமே பார்த்தார். உடனே டாக்டரைக் கூப்பிட்டார். "சார், நேத்து பேசினது என் வாய். இன்னிக்குப் பேசுறது அளவு. ரெண்டும் சண்டை போட்டா அளவுதான் ஜெயிக்கும்." போனை வைத்துவிட்டு என்னிடம், "இனிமே தப்புன்னா நின்னுக்கினு இருக்காத. என் தலையில ஒரு குட்டு வை" என்றார். நான் ஒருநாளும் குட்டவில்லை. ஆனால் அதன்பிறகு சொல்லத் தயங்கியதும் இல்லை. அவரிடம் மட்டும்.

அக்காவின் இறுதி ஊர்வலத்துக்குத் தணிகைவேல் சார் நேரில் வந்தார், டிரைவரை அனுப்பவில்லை. மாலையைப் போட்டுவிட்டு நெடுநேரம் நின்றார். போகும்போது சேகர் அண்ணனிடம், "நம்பினது அவ வாயை. அவளே இல்ல. படத்திறப்பு முடியட்டும், மறுநாள் வண்டியை லாரியில சென்னைக்கு ஏத்திக்கிறேன்" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். அண்ணனும் என்னைப் போலத்தான், பேச்சு வராதவர். நானும் அங்கேதான் நின்றேன். அந்த வண்டி போனால் அதன் பின்னால் மற்ற வண்டிகளும் போகும், அக்கா தொடங்கிய ஷெட்டில் மெஷின் நின்றே இருக்கும் என்று தெரிந்தும் ஒரு சொல் வரவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்ததும் ஷெட்டுக்கு வந்து, மூன்றாவது சிலிண்டரில் விட்ட இடத்திலிருந்து அளந்தேன். மீதி மூன்றையும் அளந்தேன். பிளாக் முழுவதையும் விரிசல் தேடிப் பார்த்தேன், அண்ணனையும் பார்க்கச் சொன்னேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நாற்காலியும் அந்தச் சட்டமும்தான். வண்டிக்காரரை நேரில் நிற்க வைத்து, இருப்பதை இருக்கிறபடி முகத்துக்கு நேரே சொல்வது. அதை இங்கேயே தொடங்குகிறேன்.

தணிகைவேல் சார், அக்கா உங்களுக்குத் தர வேண்டிய பதில் இது. பிளாக்கில் விரிசல் இல்லை. பூச்சு போனது நான்கு சிலிண்டர்களில், ஆனால் ஆறுக்கும் ஸ்லீவ் போட வேண்டும். நான்குக்கு மட்டும் போட்டால் மற்ற இரண்டுக்காக மறுபடி திறக்க நேரும். காற்று ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, குவாரித் தூசு அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது இன்ஜினே போட்டாலும் இதே கதிதான். ஹெட் பூட்டும்போது சிலிண்டர் இறுகுவதுபோலவே கனத்த தகடு போட்டு இறுக்கி, அந்த நிலையில் கடைசிச் சுற்றைச் சேகர் அண்ணன் தேய்ப்பார். ஒவ்வொரு சிலிண்டரையும் நான் அளப்பேன். வண்டி தாங்கும்.

சொல்லிவிட்டேன். கேட்க நினைத்தது ஒன்று மிச்சம். படத்திறப்புக்கு மறுநாள் லாரியை அனுப்பாதீர்கள் சார், டிரைவரையும் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள். நாற்காலி போட்டு வைத்திருப்பேன். இந்த முறை நான் பேசுகிறேன்.