பெனின் உடைத்த கதவு

பெனினுக்கு வாயைவிடக் கை முந்தும். ராஜபாளையத்தில் மரியாதையாகப் பேசுகிற பிளம்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவன் அந்த ரகம் இல்லை. போன வருஷம் துருப்பிடித்த குழாய்க்குப் பெயின்ட் அடித்து மறைத்த ஒருவனைச் செவிட்டில் அறைந்தான். அவன் மச்சான்மார் திருப்பி அடித்ததில் இவனுக்கு முன்பல் போனது. மறுநாள் அதே வீட்டுக்குப் போய் அந்தக் குழாயை மாற்றிவிட்டுத்தான் வந்தான்.

"கோயிலுக்குப் போயி முட்டி போட்டா போதுமா, கையயும் கர்த்தர்ட்ட குடுத்துட்டு வரணும்" என்பாள் அவன் பெண்டாட்டி செலினா.

பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டுவது என் வேலை. ராக்கப்பன் மகள் யோகேஸ்வரிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தேன். அவர் அப்பா கட்டிய வீடு. வெந்நீர் நூல் மாதிரி வரும், அதுவும் செம்மண் கரைத்த நிறத்தில். குழாயும் ஹீட்டரும் இன்னும் தாங்குமா என்று பார்த்துச் சொல்லப் பெனினை வரச் சொல்லியிருந்தார். மாடியில் அவன் குழாயைத் தட்டியதும் துரு பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணாச்சி, இது பைப்பா சுவரா? உள்ள ஒரு பென்சிலு நொழையாது."

"ஏலே, பாக்கத்தான வரச் சொன்னேன். பேசவா சொன்னேன்?"

பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆவி பறக்க ஊற்ற வேண்டும். ஹீட்டர் பாதியில் அணைந்துவிடுகிறது என்று, யாரோ ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்து அணையாதபடி வயரை நேரே இணைக்க வைத்திருந்தார் ராக்கப்பன். ஹீட்டரின் அடியில் ஒரு வால்வு சொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் தண்ணீர் சொட்டினால் லட்சுமி தங்க மாட்டாள் என்று அதன் வாயில் வேப்பங்குச்சியை அடித்து, மேலே எம்சீல் பூசியதும் அவரே.

அண்டாவை நிரப்பிக் குழாயை மூடிவிட்டு, குளியலறைக் கதவைத் தாழிட்டு யோகேஸ்வரிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் உறுமியது. நன்றாகக் கொதிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வெளியே நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாடியிலிருந்து இறங்கிய பெனின், முற்றத்துக் குளியலறைச் சுவருக்குள் நுழைகிற குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"பச்சத்தண்ணி லைன் ஏன் அண்ணாச்சி சுடுது? சொட்டுத வால்வ என்ன செஞ்சீய?"

"அடச்சிட்டேன். சொட்டு நின்னுட்டுல்லா."

ஓடிப்போய் மெயின் ஃபியூஸைப் பிடுங்கினான். உறுமல் நிற்கவில்லை.

"ஆச்சி, அவளக் கூட்டிட்டு வெளிய வாங்க. ஆவி போற வழிய அடச்சிருக்காரு, வெடிக்கப் போவுது."

"போல பைத்தியாரப் பயலே. பொம்பள அம்மணமா நிக்கா" என்றேன்.

ராக்கப்பன் கதவை மறித்து நின்றார். "பிள்ள பெத்தவ குளிக்கிற எடம். அவ புருஷனே எட்டிப் பாக்கல. நீ யாருல?"

"செத்துப் போனா எல்லாவனும் உள்ள வந்து தூக்குவான். வெலகுங்க."

அவர் விலகவில்லை. பெனின் குத்தியதில் அவர் மூக்கெலும்பு முறிந்த சத்தம் உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. அவர் தம்பி மகன் கௌதம்ராஜ் உலக்கையால் பெனினின் தோளில் போட்டான். பெனின் அவனை உதைத்துத் தள்ளிவிட்டுக் கதவை உதைத்தான். தாழ்ப்பாள் பறந்தது. உள்ளே வந்தவன் நெற்றியில் பித்தளைச் செம்பால் ஓங்கி அடித்தேன். கண்ணில் ரத்தம் வழிய என்னை முற்றத்துக்குத் தள்ளினான். யோகேஸ்வரி மேல் ஒரு சேலையை வீசி, கையைப் பிடித்து இழுத்தான்.

வாசல் தாண்டும்போது வெடித்தது. ஹீட்டர் மேற்கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் உட்கார்ந்திருந்த மணை இரண்டாகக் கிடந்தது. கொதித்த தண்ணீர் முழுவதும் பெனின் முதுகில்தான் விழுந்தது. அவள் மேல் ஒரு சொட்டும் படவில்லை.

ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தான். மூக்கில் கட்டோடு ராக்கப்பன் வந்து நின்றார்.

"ஏலே, அந்த லைன் பூராத்தையும் நீதான் மாத்தித் தரணும்."

"மாத்துறேன். அன்னைக்கி நீங்க வீட்ல இருக்கக் கூடாது. இருந்தா இன்னொரு அடி விழும்."

அப்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யோகேஸ்வரி வந்தாள். தீட்டுக் கழியாமல் வாசற்படி தாண்டக் கூடாத உடம்பு. ராக்கப்பனுக்கு முகம் சுருங்கியது.

"ஏட்டி, நீ இங்க வரக் கூடாதுல்லா."

"அண்ணனும்தான் வரக் கூடாத எடத்துக்கு வந்தாவ" என்றாள், பெனினைக் காட்டி.

பெனின் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"சேர் எடுத்துப் போடுங்க அண்ணாச்சி. பச்ச ஒடம்புக்காரி நிக்கா."

ராக்கப்பன் எடுத்துப் போட்டார்.