அம்மா மழுக்கிய கொடுவாள்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு சத்தங்கள் இருந்தன. சாயங்காலத்தில் அப்பா வாசலில் உட்கார்ந்து கொடுவாளைத் தீட்டும் ‘சர்ர் சர்ர்’ என்ற சன்னமான சத்தம் ஒன்று. விடியற்காலையில் அம்மா அதே கொடுவாளைத் துணி துவைக்கும் கல்லில் வைத்து இழுக்கும் ‘கரக் கரக்’ என்ற முரட்டுச் சத்தம் இன்னொன்று. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபடி இந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலையில் வெள்ளக்கடை என்ற ஊருக்கு மேலே, ஒரு காப்பி எஸ்டேட்டில் கூலியாட்களுக்கான லைன் வீட்டில் இருந்தோம். மழைக்கு முன்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறி, கீழே உள்ள காப்பிச் செடிகளுக்கு வெளிச்சம் விழும்படி கிளை கழிப்பது அப்பாவின் வேலை. இடுப்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு கயிறுதான் அவருக்குப் பாதுகாப்பு. கப்பலில் சமையல்காரராக இருந்த சின்ன மாமா அந்த வருடம் லீவுக்கு வந்தபோது, உள்ளங்கையளவில் ஒரு ‘சாணைப் பெட்டி’ கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தார். நடுவில் நீளமான கல். அதன் இரண்டு முனையிலும் சரிவாக இரண்டு கட்டைகள். கத்தியை அந்தச் சரிவில் படிய வைத்து, அதே சாய்வு மாறாமல் கல்லில் இழுத்தால் போதும். “கை நடுங்குனாலும் இது நடுங்காதுங்க மச்சான்” என்றார் மாமா.

புதுக் கூரோடு வேலைக்குப் போன முதல் நாள், அப்பா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். மொண்ணைக் கொடுவாளை ஓங்கிப் பழகிய கை, பழைய வேகத்திலேயே ஓங்கியிருக்கிறது. கிளை ஒரே வெட்டில் போனதோடு நிற்காமல், கத்தி இறங்கி இடுப்புக் கயிற்றையும் முக்கால்வாசி அறுத்திருந்தது. “பாரு புள்ள, என்னமா எறங்குது” என்று அந்தக் கயிற்றை எடுத்து அம்மாவுக்குக் காட்டினார். மிச்சமிருந்த இழைகள் என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. அம்மா அந்த இழைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் விடியற்காலையில்தான் முதன்முதலாக அந்தக் ‘கரக் கரக்’ கேட்டது. எழுந்துபோய்ப் பின்கதவில் நின்ற என்னைப் பார்த்ததும் அம்மா, “அப்பங்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, எனக்கு நொம்பப் பயமா இருக்குது” என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் பார்த்துப் பார்த்துத் தீட்டியது காலையில் மழுங்கிக் கிடக்கிறதே என்று மாமாவின் கல்லைத் திட்டினார். காலையில் மேஸ்திரி விரட்டுவார், தீட்ட நேரமிருக்காது; சாப்பாட்டு வேளையில் தீட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள், அம்மாவும் நானும் ‘தூக்குப்போசி’யில் சோறு எடுத்துக்கொண்டு போனோம். ஒரு மரத்தடியில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மேலே, முழுதாக வெட்டுப்படாத ஒரு பெரிய கிளை பட்டையிலேயே தொங்கிச் சுழன்று, அப்பாவின் இடது காலை மரத்தோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டையை வெட்டிவிட்டால் கிளை விழுந்துவிடும், கால் தப்பிவிடும். ஆனால் மொண்ணைக் கத்தியால் கொத்தக் கொத்த, பட்டை அறுபடாமல் கீழ்நோக்கி உரிந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் உரிந்தால் கிளையின் கனம் முழுவதும் இடுப்புக் கயிற்றின் மேல் இறங்கிவிடும். “ஆரும் ஏறாதீங்க, மரம் ஆடுச்சுன்னா கெளை அவரையும் சேத்து இழுத்துட்டு வந்துரும்” என்றார் மேஸ்திரி.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. காலையில் கொடுவாளைக் கல்லில் இழுத்த அதே கை. அந்தக் கொடுவாள் ஏன் வெட்டவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா செத்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மாதான் கொன்றுவிட்டாள் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவே இன்னும் அதிகமாகப் பயந்தேன்.

அப்பா கொத்துவதை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, இடது உள்ளங்கையால் அதை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொடுவாளைச் சரிவில் வைத்து இழுத்தார். வலியில் அவர் கை உதறுவது கீழேயிருந்தே தெரிந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அவர் மாற்றி மாற்றி இழுக்க, ‘சர்ர்’ மட்டும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, ஓங்காமல், கொடுவாளைப் பட்டையில் வைத்து ஒரே இழுப்பு. கிளை காப்பிச் செடிகளின் மேல் விழுந்தது.

கீழே இறங்கியவரின் முழங்காலுக்குக் கீழே ரத்தமாக இருந்தது. அம்மா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தானுங்க மழுக்குனேன். கயிறு அறுந்துபோயிருமுன்னு பயந்துட்டு, வெடியால வெடியாலக் கல்லுல தேச்சனுங்க” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அடிப்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாணைப் பெட்டி அம்மாவின் மடியில் இருந்தது.

“இனிமே நீயே தீட்டு. எவ்வளவு கூரு வேணுமின்னு நீயே பாத்து வெச்சுக் குடு. அதுக்குத் தக்கன நான் ஓங்கிக்கறேன்.”

அன்று முதல் அம்மாதான் தீட்டினாள். பயம் போகவில்லை, தீட்டும்போது அவள் கை நடுங்கும், ஆனால் கூர் ஒருநாளும் கோணியதில்லை. காலையில் கொடுவாளைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு, “இன்னிக்கு நல்லாக் கூரா இருக்குதுங்க, மெல்ல ஓங்குங்க” என்பாள். அப்பா மரம் ஏறுவதை நிறுத்தும்வரை அப்படித்தான் நடந்தது.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி இருக்கிறது. அந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். அப்பா வயதாகிப் படுக்கையில்தான் இறந்தார். அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டாள். பெட்டி என் சமையலறையில் இருக்கிறது. கல் நடுவில் குழிந்துவிட்டது, சரிவுக் கட்டைகள் அப்படியே இருக்கின்றன. தீட்டிய கத்தியை மேடையில் வைத்துவிட்டு, “கூரா இருக்குது சாமி, மெல்ல” என்று மகளிடம் சொல்கிறேன். சரிம்மா என்று திரும்பிப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறாள். அவள் நறுக்கி முடிக்கும்வரை நான் அங்கேயே நிற்கிறேன்.