ஏரிக்கரையில் ஓர் அடுப்பு

கீழ்வேளூர்ப் பக்கம் உள்ளான் குருவி சுட வந்திருக்கிறோம். ஏரிப் புறம்போக்கில் கூடாரம் அடித்து, அங்கே கிடந்த மண்ணடுப்பிலேயே உலை வைக்கிறோம். கட்சிக்கரை வேட்டி கட்டிய பண்ணைக் காரியக்காரர் எங்கள் துப்பாக்கிகளைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்குகிறார்.

"தாராளமா தங்குங்க. சர்க்கார் எடம்தானே."

"இது யார் அடுப்பு?"

"கூலி கூட்டிக் கேட்ட ஆளுங்க இங்க குடிசை போட்டிருந்தாங்க. புறம்போக்குல குடியிருக்க விடலாமாங்க? பிரிச்சு எறிஞ்சுட்டோம். அடுப்பை மட்டும் விட்டு வெச்சோம், உங்கள மாதிரி யாராச்சும் வந்தா ஆகுமேன்னு."

கொதிக்கும் பானையைத் தூக்கி நெருப்பிலேயே கவிழ்க்கிறேன்.

குடிசைகளுக்குப் பதறாத மனிதர் இப்போது பதறுகிறார். "ஐயோ, அரிசி வீணாப் போவுதேங்க."