கோகிலாவுக்கு விசா வருவதற்குள்

சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் குழு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: இந்தத் தொழிலில் பாட்டுக் கட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. மூன்று பேரை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் உட்கார வைப்பதற்குள் உயிர் போய்விடும்.

எங்கள் குழுவின் பெயர் ‘அரைப்பேர்’. பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் தோட்டத்தில் முழு நாள் வேலையை அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், என்றுதான் எழுதுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கு இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில், ஃபோன் பழுதுபார்க்கும் கடையில் வேலை; கிட்டார் வாசிப்பேன். ஜெகன் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தான். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்துத் தாளம் போடுவான். பாடியவள் கோகிலா. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டு வேலைக்குக் குவைத் போவதற்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தாள். விசா வருவதற்குள் ஆறு பாட்டையாவது பதிந்துவிட வேண்டும். அவள் போய்விட்டால் குழுவே இல்லை என்பது ஜெகனுக்கும் எனக்கும் தெரியும்.

நடுச்சுவர்

ஸ்டூடியோ என்பது கோகிலாவின் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் அவர்களுக்கு உள்ள ஒற்றை அறை. கருவி என்பது என் ஃபோன். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் வராது என்று நினைத்தோம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது, லயத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்கு மறந்துபோனது.

கோகிலா நான்காவது தடவையாகப் பாடி முடித்தாள். நான் ஃபோனை நிறுத்தப் போகும்போது, அடுத்த வீட்டு ராசம்மாக்காவின் குரல் சுவருக்கு மேலால் வந்தது. அதுவும் பதிவாகியிருக்கிறது.

“மொத தடவ பாடுனதுதான் நல்லா இருந்துச்சு கோகிலா. இப்ப அவசரப்படுற.”

தேர்த் திருவிழா

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். வேலை விட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போடும் ஒருத்தியைப் பற்றிய பாட்டைப் பாடினோம். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் கோயில் கமிட்டித் தலைவர் என் தோளில் கைபோட்டுத் தனியாகக் கூட்டிப்போனார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. இது என்ன படம்?”

கொழும்பிலிருந்து வந்தவர்கள்

இணையத்தில் போட்ட முதல் இரண்டு பாட்டுகளும் மெதுவாக ஊரைத் தாண்டின. கொழும்பில் ஒரு குழு எங்களைப் போலவே பாட ஆரம்பித்திருந்தது. அவர்களில் இரண்டு பேர் ரயிலேறி வந்து நானுஓயாவில் இறங்கி, எங்கள் ஸ்டூடியோவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். காம்பராவைக் காட்டினோம்.

ஒருவர் தகரக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டின் பின்னால் கேட்கும் மழையை, கம்ப்யூட்டரில் எவ்வளவு முயன்றும் அவர்களால் அப்படியே கொண்டுவர முடியவில்லையாம். வெளிச்சத்தமும் இரைச்சலும் அப்படியே கலந்திருக்கும் இந்த மாதிரி இசைக்கு லோ-ஃபை என்று பெயர் என்பதையும் அவர்தான் சொன்னார். ஜெகன் அவரை உண்மையான அனுதாபத்தோடு பார்த்தான்.

“நீங்க வேணும்னே மழைய போடுறீங்களா? நாங்க அது எப்ப நிக்கும்னுல்ல காத்துக்கிட்டு இருந்தோம்.”

கெஞ்சப் போனது

நான்கு பாட்டு முடிந்திருந்தபோது விசா வந்துவிட்டது. கோகிலாவின் அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் இருந்தார். தங்கைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்துதான் அவள் அம்மாவிடம் போய் நின்றேன். இப்போதுதான் நாலு பேருக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறோம், ஆறு மாதம் மட்டும் பொறுங்கள் என்றேன். கொழுந்துக் கறை போகாத கையால் அந்த அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கோபப்படவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“அவ போயிட்டா நீங்க பாட வேற ஒரு புள்ளய தேடிக்கலாம் தம்பி. அவ போகலன்னா நாங்க யார அனுப்புறது?”

ஐந்தாவது பாட்டு

ஐந்தாவது பாட்டு குவைத்திலிருந்து வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்காரர்கள் வெளியே போயிருந்த நேரத்தில், குளியலறைக்குள் நின்று பாடி ஃபோனில் அனுப்பியிருந்தாள். கடைசி அடிக்கு முன்னால் வாசல் மணி அடிக்கிறது. பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. மறுபடி பாடி அனுப்ப அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. நாங்களும் அதோடு கிட்டாரையும் பீப்பாயையும் சேர்த்து, நின்ற இடத்தில் நிறுத்தி வெளியிட்டோம்.

எங்கள் பாட்டுகளில் அதிகம் பேர் கேட்டது அதுதான். குரலின் ஆழத்தையும், பாட்டைப் பாதியில் அறுத்த துணிச்சலையும் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதையெல்லாம் கோகிலாவுக்கு வாசித்து அனுப்பினேன். அம்மா கேட்டாங்களா என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா ஃபோனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். மணி அடித்து எல்லாம் அடங்கிய பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு என்னிடம் நீட்டினார்.

“பேசும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றா தம்பி. பாட்டுல தெரியுது, புள்ள சரியா சாப்பிடுறதில்ல.”

பாட்டுக்குழு நடத்தும் அன்பர்களே, எங்களுக்கு விமர்சனம் எழுதியவர்கள் நிறையப் பேர் உண்டு, பாட்டைக் கேட்டவர் என்று பார்த்தால் இந்த ஒருவர்தான்.